பம்பளிமாஸ் ஒட்டுச்செடி: நர்சரியில் தேர்ந்தெடுப்பது முதல் பழம் உரிப்பது வரை

பம்பளிமாஸ் வளர்த்துச் சலித்துப்போனவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு கதையைத்தான் சொல்கிறார்கள். முதல் கதையில், தின்ற பழம் தித்திப்பாக இருந்ததென்று அதன் விதையைப் புதைத்திருப்பார்கள். மரம் ஓங்கி வளர்ந்து, உடம்பெல்லாம் முள்ளாகி, ஏழெட்டு ஆண்டு கழித்து ஒருவழியாகக் காய்க்கும்போது பழம் கசக்கும். இரண்டாவது கதையில், நல்ல விலை கொடுத்து ஒட்டுச்செடி வாங்கி வைத்திருப்பார்கள். செடியும் செழிப்பாகத்தான் இருக்கும். நாலாம் ஆண்டு பார்த்தால், சின்னக் கமலா அளவில், ஆரஞ்சு நிறத்தில், பல் கூசும் புளிப்போடு எலுமிச்சை காய்த்துத் தொங்கும். நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டுவார்கள். பாவம், பெரும்பாலும் அவர் மீது குற்றம் இருக்காது. ஒட்டுக்குக் கீழே இருந்த செடி, மேலே இருந்ததை மெல்ல மெல்ல அழித்திருக்கும். அந்த மூன்று ஆண்டுகளில் யாரும் குனிந்து அடித்தண்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒட்டுச்செடி என்பது இரண்டு செடிகள். மேலே நாம் தின்னப்போகும் பம்பளிமாஸ்; கீழே வேரை மட்டும் தருகிற வேறொரு எலுமிச்சை இனம். மேல்பாதியை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. மரம் செத்துப்போவதும் தடம் மாறுவதும் பெரும்பாலும் கீழ்ப்பாதியில்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் அடித்தண்டுக்கும் மண்ணுக்கும் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

விதை ஏன் வேண்டாம்

எலுமிச்சை இனத்தில் பலவற்றின் விதைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சாத்துக்குடி விதை ஒன்றைப் போட்டால் சில நேரம் இரண்டு, மூன்று முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே உருவானவை. அதனால் தாய்மரத்தின் நகலாகவே வளரும். பம்பளிமாஸ் அப்படியில்லை. ஒரு விதைக்குள் ஒரே கரு. அது மகரந்தம் சேர்ந்து உண்டான கரு. அதுமட்டுமா, பம்பளிமாஸ் வகைகளில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. எனவே அந்த விதைக்குத் தகப்பன் எப்போதும் வேறொரு மரம். பக்கத்து வீட்டு எலுமிச்சையாகவும் இருக்கலாம், கமலாவாகவும் இருக்கலாம். மேலைநாட்டார் காலையில் தின்னும் கிரேப்ஃப்ரூட் கூட 18ஆம் நூற்றாண்டில் கரீபியனின் பார்படோஸ் தீவில் பம்பளிமாஸும் ஆரஞ்சும் தற்செயலாகக் கலந்து பிறந்ததுதான். உங்கள் வீட்டு விதையிலும் அப்படி ஓர் அதிசயம் பிறக்கலாம். அதற்கு ஏழெட்டு ஆண்டு காத்திருக்க முடிந்தவர்கள் விதை போடட்டும்.

காய்த்து ருசி தெரிந்த மரத்திலிருந்து மொட்டெடுத்து ஒட்டிய செடி மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் காய்க்கும். முள்ளும் குறைவு. பழமும் தாய்மரத்தின் பழமாகவே இருக்கும்.

எந்த வகை

பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிப் பகுதி பம்பளிமாஸுக்குப் பேர்போனது. கன்னடத்தில் சக்கோத்தா என்பார்கள். தேவனஹள்ளிச் சக்கோத்தா புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா சந்திரா, அர்கா அனந்தா என்று இரண்டு வகைகளை வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் தோட்டம் வைப்பவர்கள் முதலில் விசாரிக்கவேண்டியது இவற்றைத்தான் என்பது என் எண்ணம். நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் பக்கத்திலேயே தேர்ந்தவை. நர்சரிகளில் இப்போது 'தாய்லாந்து', 'வியட்நாம்' என்ற அட்டையோடு செடிகள் வருகின்றன. அந்த நாடுகளில் அருமையான வகைகள் உண்டு என்பதில் ஐயமில்லை. அட்டையில் எழுதியதுதான் பைக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மலேசியாவின் ஈப்போவை அடுத்த தம்புனில் சாலையோரக் கடைகளில் தொங்கும் பழத்தைத் தின்றவர்கள் அதே வகை வேண்டும் என்று தேடுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த மண்ணும் மழையும் இங்கே கிடைக்காது. ஓரளவு வித்தியாசத்துக்கு மனத்தைத் தயார்செய்துகொண்டால் வைக்கலாம்.

இளஞ்சிவப்புச் சுளை இனிக்கும், வெள்ளைச் சுளை புளிக்கும் என்று நம்புபவர்கள் பலர். நிறத்துக்கும் இனிப்புக்கும் அப்படி ஒரு தொடர்பும் இல்லை.

நர்சரியில் குனிந்து பாருங்கள்

முதலில் இலை. பம்பளிமாஸ் இலையின் காம்பில் அகன்ற சிறகு இருக்கும். பெரிய இலைக்குக் கீழே இதய வடிவில் ஒரு சின்ன இலை ஒட்டியிருப்பதாகவே தோன்றும். கிச்சிலி போன்ற வேறு சிலவற்றுக்கும் சிறகு உண்டு என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இளந்தண்டையும் துளிர் இலையின் அடிப்புறத்தையும் விரலால் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். எலுமிச்சை, சாத்துக்குடித் துளிர்கள் வழுவழுப்பாக இருக்கும். நாரத்தையையும் கடாரங்காயையும் பம்பளிமாஸ் என்று கைமாற்றுவது நடக்கிற காரியம் என்பதால் இந்த இரண்டையும் பார்க்காமல் காசை நீட்ட வேண்டாம்.

அடுத்தது ஒட்டு. மண்ணிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டு சற்றே வளைந்து அல்லது தடித்து, பட்டையின் நிறம் மாறுகிற இடம் தெரிய வேண்டும். பைக்குள் மண்ணை ஒட்டியே ஒட்டு இருந்தால் அந்தச் செடி வேண்டாம். ஒட்டுக்குக் கீழே ஏற்கெனவே கிளை வந்திருந்தாலும் வேண்டாம். ஒட்டு போட்ட பாலித்தீன் நாடா இன்னும் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல செடிகளில் இருக்கும், வாங்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அறுத்தெடுக்க வேண்டும். தண்டு பருக்கும்போது அந்த நாடா சதைக்குள் இறங்கி இறுக்கி, இரண்டாம் ஆண்டுக் காற்றில் செடி அந்த இடத்தில் முறிந்துவிடும்.

என்ன அடிச்செடி என்று கேளுங்கள். தென்னிந்தியாவில் பெரும்பாலும் ரங்பூர் எலுமிச்சை அல்லது ஜம்பேரி என்கிற கரட்டு எலுமிச்சைதான். ரங்பூர் வறட்சியையும் ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு அதுவே ஏற்றது. ஜம்பேரி வேகமாக வளரும், மணற்பாங்கான மண்ணில் நன்றாக ஓடும். ஆனால் அடித்தண்டு அழுகல் எளிதில் தாக்கும். களிமண் வீட்டுக்கு ஜம்பேரி ஆகாது. பதில் தெரியாத நர்சரிக்காரரைவிடப் பதில் தெரிந்தவரிடம் வாங்குவது நல்லது என்பதற்காகவும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

நீங்களே ஒட்டுக்கட்ட விரும்பினால்

ஊரில் யார் வீட்டிலாவது நல்ல மரம் இருந்தால் இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. பழத்தைத் தின்று பார்த்துவிட்டே ஒட்டலாம்.

அடிச்செடிக்கு ரங்பூர் எலுமிச்சை விதையைப் பழத்திலிருந்து எடுத்துக் கழுவி, காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும். எலுமிச்சை இன விதைகள் காய்ந்தால் முளைப்புத்திறன் சட்டென்று குறைந்துவிடும். முளைத்தவற்றில் மற்றவற்றைப்போல் இல்லாமல் குட்டையாகவோ விசித்திரமாகவோ இருப்பவற்றைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள். அவை தாயின் நகல்களல்ல. தண்டு பென்சில் பருமன் வர ஓராண்டுக்கு மேலாகும்.

மொட்டுக்குச்சியைத் தேர்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எலுமிச்சை இனத்தில் இளந்துளிர் முக்கோணமாக, விளிம்போடு இருக்கும். முற்றிய பிறகே உருண்டையாகும். உருண்டையாகி, பச்சை நிறம் இன்னும் மாறாத குச்சியே வேண்டும். செங்குத்தாகச் சீறி வளரும் முள்கிளையிலிருந்து எடுக்காதீர்கள். காய்க்கும் கிளையிலிருந்து எடுங்கள். வெட்டியவுடன் இலைப்பரப்பை நறுக்கிவிட்டுக் காம்பை மட்டும் விட்டு, ஈரத்துணியில் சுற்றி, அன்றே ஒட்டிவிட வேண்டும்.

அடிச்செடியில் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முள், இலைகளை நீக்கிச் சுத்தம்செய்து, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் பட்டையை மட்டும் கீற வேண்டும். கீழ்நோக்கிய கீறல் சுமார் 3 சென்டிமீட்டர். பட்டை தானாக நெகிழ்ந்து உரிய வேண்டும். உரியாமல் கிழிந்தால் செடி தாகத்தில் இருக்கிறது என்று பொருள். ஒரு வாரம் நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு வாருங்கள். மொட்டைச் சுற்றிக் கேடய வடிவில் மெல்லிய சீவலாக எடுத்து, வெட்டுப்பக்கத்தில் விரல் படாமல், மீதி வைத்த இலைக்காம்பைப் பிடித்துக்கொண்டு, கீறலுக்குள் மேலிருந்து கீழாகச் செருக வேண்டும். மொட்டு தலைகீழாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வதைப்போல ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் ஏறினால் மழைநீர் உள்ளே இறங்காது.

இரண்டு மூன்று வாரம் கழித்து நாடாவைப் பிரித்து, காம்பை விரலால் தட்டுங்கள். பட்டென்று உதிர்ந்தால் மொட்டு பிடித்துவிட்டது. சுருங்கிக் கறுத்து ஒட்டிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. மறுபக்கத்தில் இன்னொரு மொட்டு வைக்கலாம். பிடித்த மொட்டைத் தூண்ட, அதற்கு மேலே ஒரு விரல்நீளத்தில் அடிச்செடியின் தண்டைப் பாதி வெட்டி மறுபக்கம் மடக்கிவிடுங்கள். மடங்கிய தலை தொடர்ந்து உணவு தரும். புதுத்துளிர் ஒரு சாண் தாண்டியதும் மடங்கிய பகுதியை முழுவதுமாக வெட்டிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. மொட்டோடு நோயும் வரும். டிரிஸ்டெசா என்ற வைரஸும் பசுமைநோய் என்கிற கிரீனிங் பாக்டீரியாவும் மொட்டுக்குச்சி வழியாகப் பரவுகின்றன. இலையில் நடுநரம்புக்கு இருபுறமும் ஒத்துப்போகாத மஞ்சள் திட்டுகள், கோணலான பழங்கள், நுனியிலிருந்து காய்ந்து வரும் கிளைகள் உள்ள மரத்திலிருந்து, பழம் தேனாக இருந்தாலும், மொட்டெடுக்காதீர்கள். எக்ஸோகார்டிஸ் என்ற நோய்க்கூறு கத்தி வழியாகவும் தொற்றும். ரங்பூர் அடிச்செடியை அது மிக எளிதில் தாக்கும். பட்டை வெடித்து உரிந்து மரம் குன்றிப்போகும். மரத்துக்கு மரம் கத்தியைத் துணி வெளுக்கும் பிளீச்சிங் கரைசலில் நனைத்துத் துடைத்தால் போதும்.

இடமும் குழியும்

முழுநாள் வெயில் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் மற்ற பெரிய மரத்திலிருந்தும் 5 அல்லது 6 மீட்டர் தள்ளி இருந்தால் நல்லது. செப்டிக் தொட்டிக்குப் பக்கத்தில் ஈரம் இருக்கிறதே என்று வைக்காதீர்கள். அந்த ஈரம்தான் எமன்.

முக்கால் மீட்டர் நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, அதில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் குழியில் நடக்கூடாது. குழியை மூடிவிட்டு, தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு அகலமான மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். சென்னை, கடலூர், டெல்டா வீடுகளில் இந்தச் சோதனையைத் தவிர்த்தால் ஐப்பசி, கார்த்திகையில் மரத்தை இழக்க நேரும். வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் விடாமல் பிடித்தால் எலுமிச்சை இன வேர்கள் மூச்சுத்திணறி அழுகத் தொடங்கும். இலை உதிர்வது தை மாதத்தில் தெரியும். செடி செத்தது கார்த்திகையில்.

செம்மண்ணாக இருந்தால் மேல்மண்ணுடன் 10 கிலோ மட்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பி, இரண்டு வாரம் ஆறவிட்டு நடலாம். கரிசலில் ஆற்றுமணலோ எம்சாண்டோ கொட்டிக் கலப்பதைவிட மேடு போடுவதே மேல். சமவெளியில் ஆடி மாத மழை தொடங்கியதிலிருந்து பெருமழைக்கு ஒரு மாதம் முன்பு வரை நடுவதற்கு நல்ல காலம். வேர் கொஞ்சம் ஊன்றிய பிறகு மழை வரும்.

நடும்போது பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேர் இருந்தால் நறுக்கிவிடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதைவிட ஓர் அங்குலம் உயரமாகவே நட வேண்டும், ஏனென்றால் குழிமண் பின்னால் அமுங்கும். ஒட்டு எந்தக் காலத்திலும் மண்ணுக்குள் போகக்கூடாது. புதைந்தால் இரண்டு கேடு: பம்பளிமாஸ் தண்டே வேர்விட்டு அடிச்செடியை எடுத்த பயனே போய்விடும், அல்லது ஈரத்தில் அந்த இடம் அழுகும். நான் பார்த்த வரையில் இதை மீறுவது நட்ட அன்றைக்கு இல்லை. மூன்றாம் ஆண்டு யாரோ அக்கறையோடு இரண்டு கூடை எருவும் மண்ணும் கொண்டுவந்து தண்டைச் சுற்றிக் குவிக்கிறார்கள், அன்றைக்குத்தான்.

ஊன்றுகோல் நட்டு, ஒட்டுக்கு மேலே தளர்வாகக் கட்டிவிடுங்கள். முதல் ஆண்டு துளிர் வேகமாக வளரும். இணைப்பு அதற்கு ஈடாக உறுதிப்பட்டிருக்காது.

தண்ணீர்

தண்டில் தண்ணீர் படக்கூடாது. தண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மண்ணைச் சற்றே உயர்த்தி வரம்பு கட்டி, அதற்கு வெளியே வட்டப் பாத்தி அமைத்து அதில் தண்ணீர் விடுங்கள். எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் செய்யும் இரட்டை வட்டப் பாத்தி இதுதான். மரம் வளர வளர வெளிவட்டத்தை விரிக்க வேண்டும். உணவு உறிஞ்சும் வேர் கிளைநுனிக்கு நேர் கீழே இருக்கும். சொட்டுநீர் வைத்தாலும் சொட்டுவானைத் தண்டோரம் வைக்காதீர்கள்.

முதல் கோடையில் இரண்டு நாளுக்கொருமுறை 15, 20 லிட்டர் தேவைப்படலாம். மற்ற காலத்தில் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து ஈரமில்லாவிட்டால் மட்டும். காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு, கரும்புச் சோகை எதையும் மூடாக்காகப் போடலாம். தண்டிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு.

கீழ்த்துளிர்

ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரைப்பற்றி ஒரு விதிதான் உண்டு: பார்த்த அன்றே கிள்ளு. இளசாக இருக்கும்போது கையால் பிய்த்தெடுப்பது கத்தரியால் வெட்டுவதைவிட நல்லது; வெட்டினால் அடிமொட்டு தங்கி, ஒன்றுக்கு மூன்றாக வரும். எது கீழ்த்துளிர் என்று குழப்பமாக இருந்தால் இலையைப் பாருங்கள். ரங்பூர், ஜம்பேரி இலைகள் சிறியவை. காம்புச் சிறகு இல்லாததுபோலவே இருக்கும், தண்டில் ரோமமும் இராது. அவை வேகமாக வளர்வதால் செடி செழிப்பதாக நமக்குத் தோன்றும். முதல் மூன்று ஆண்டு மாதமொருமுறை குனிந்து பார்ப்பது உரம் போடுவதைவிட முக்கியம்.

மேல்பாதிக்குக் கவாத்து அதிகம் வேண்டாம். முழங்கால் உயரம் வரை தண்டைச் சுத்தமாக வைத்து, அதற்கு மேல் மூன்று நான்கு கிளைகளைத் திசைக்கொன்றாக விடுங்கள். நடுவிலிருந்து செங்குத்தாகச் சீறும் நீர்ப்போத்துகளையும் காய்ந்த குச்சிகளையும் ஆண்டுக்கொருமுறை எடுத்தால் போதும். தரையைத் தொடும் கிளையை உயர்த்தி வெட்டுங்கள்.

உரமும் இலை சொல்லும் சேதியும்

எலுமிச்சை இனங்களுக்கு முதல் ஆண்டு 10 கிலோ தொழுவுரத்தில் தொடங்கி, ஆண்டுக்கு 5 கிலோ கூட்டி, 30 கிலோவில் நிறுத்துவது வழக்கமான அளவு. தழைச்சத்தை மார்ச்சிலும் அக்டோபரிலுமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வீட்டுச் செடிக்கு இன்னும் சிறிதாகப் பிரித்து, மூன்று நான்கு முறை தரலாம். காய் பிடித்த பின் சாம்பல்சத்து கூடுதலாக வேண்டும்.

இதைவிட இலையைப் படிக்கப் பழகுவது பயன்தரும். முதிர்ந்த இலை முழுவதும் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலையின் ஓரம் மஞ்சளித்து, காம்பை ஒட்டி மட்டும் பச்சை முக்கோணம் தங்கினால் மக்னீசியம். புது இலைகள் சிறுத்து, நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் துத்தநாகம். புது இலை வெளுத்து மெல்லிய பச்சை வலைபோல் நரம்பு தெரிந்தால் இரும்பு. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர் தண்ணீர் வீடுகளில் இது சாதாரணம். துத்தநாகக் குறைவுக்கு லிட்டருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட்டுடன் பாதியளவு சுண்ணாம்பு சேர்த்து வடிகட்டி, புதுத்துளிர் விரிந்த பருவத்தில் இலையில் தெளிக்கலாம். மண்ணில் கொட்டினால் கார மண் அதைப் பூட்டிவைத்துக்கொள்ளும்.

பூச்சியும் நோயும்

பறவை எச்சம் போல இலைமேல் ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. தொட்டால் தலையில் செந்நிறக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். கையால் எடுத்துப் போடுங்கள். அல்லது பெரிய மரத்தில் அப்படியே விட்டுவிடுங்கள், வண்ணத்துப்பூச்சிக்கும் எங்காவது இடம் வேண்டாமா. சிறு செடியை மட்டும் இரண்டே நாளில் மொட்டையாக்கிவிடும்.

துளிரில் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடினால் இலைத்துளைப்பான். முற்றிய இலையில் ஏறாது. துளிர் விடும்போது லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். இது முக்கியமாவதற்குக் காரணம், அந்தத் துளை வழியாகச் சொறிநோய்ப் பாக்டீரியா நுழையும். மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது சொறிநோய். பம்பளிமாஸுக்கு எளிதில் வரும். மழைக்காலத்துக்கு முன் பாதித்த குச்சிகளை வெட்டி எரித்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளிக்க வேண்டும்.

எறும்பு தண்டில் சாரைசாரையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது. முயிறு, அதாவது இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு, கூடு கட்டியிருந்தால் விஷயம் வேறு. சீனத்தின் தென்பகுதியில் கி.பி. 4ஆம் நூற்றாண்டிலேயே முயிற்றுக் கூடுகளை விற்று வாங்கி எலுமிச்சை இன மரங்களில் பூச்சிக்காவலுக்கு விட்டிருக்கிறார்கள். கடி தாங்குபவர்கள் விட்டுவைக்கலாம்.

பழம் முற்றும்போது இரவில் வரும் அந்துப்பூச்சி தோலில் ஊசிக்குத்தாகத் துளையிட்டுச் சாறு உறிஞ்சும். அந்த இடம் அழுகிப் பழம் உதிரும். இதன் புழு வளர்வது சீந்தில் கொடியில். மருந்துக்கென்று வேலியில் சீந்திலை ஏற்றிவைத்திருப்பவர்கள் பம்பளிமாஸ் பக்கத்தில் அதை வைக்க வேண்டாம். பழத்துக்குத் துணிப்பை கட்டினால் இதற்கும் பழ ஈக்கும் சேர்த்தே தீர்வு.

எல்லாவற்றையும்விடக் கொடியது அடித்தண்டில் பிசின் வடிவது. ஈரத்தில் வாழும் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை ஒத்த உயிரியின் வேலை. பிசின் வடியும் இடத்தில் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பழுப்பாக அழுகியிருக்கும். நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் நீர்த்த சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரம்தான்; இரும்பு ஆகாது. கலந்தபின் பழைய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். நோய் வராத மரத்துக்கும் பெருமழைக்கு முன்பும் பின்பும் இடுப்பு உயரம் வரை இதைப் பூசுவது நல்ல பழக்கம்.

பூவும் பிஞ்சும்

தென்னிந்தியாவில் தை, மாசியில் முக்கியப் பூப்பு. மரம் பெரிதான பிறகு மார்கழியில் சில வாரம் தண்ணீரைக் குறைத்து, பின் எருவிட்டு நன்றாகப் பாய்ச்சினால் பூ ஒன்றாகப் பிடிக்கும். சிறு செடியை இப்படிப் பட்டினி போடாதீர்கள்.

பூ கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் மகரந்தம் கிடைக்காததுதான் காரணம். முதலில் சொன்னேனே, தன் மகரந்தம் தனக்கு ஆகாது. எலுமிச்சையோ சாத்துக்குடியோ அருகில் பூத்தால் தேனீ வேலையை முடித்துவிடும். இல்லையென்றால் எலுமிச்சைப் பூவைப் பறித்துவந்து, காலையில் விரிந்த பம்பளிமாஸ் பூவின் நடுவிலுள்ள பசபசப்பான குமிழில் அதன் மகரந்தத்தைத் தொட்டுவிடுங்கள். யார் தகப்பன் என்பது விதையைத்தான் மாற்றும்; சுளையின் ருசி தாய்மரத்தினுடையது.

பட்டாணி அளவில் நிறைய உதிரும், அது இயல்பு. முதல் காய்ப்பில் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஒரு பழம் ஒன்று, இரண்டு கிலோ வரை போகும், இளங்கிளை கிழிந்துவிடும். பின்னாளிலும் பழம் தொங்கும் கிளைக்கு முட்டுக்கொடுங்கள்.

மாடியில் வளர்க்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: 100 லிட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம், பழம் நாலைந்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், கோடையில் தினமும் தண்ணீர். இடமிருந்தால் தரையில் வையுங்கள்.

பறிப்பதும் உரிப்பதும்

பூத்ததிலிருந்து ஏழு, எட்டு மாதம். பச்சைத் தோலில் மஞ்சள் ஏறத் தொடங்கும், தோலின் எண்ணெய்ப் புள்ளிகள் புடைப்பு அடங்கித் தட்டையாகும், கையிலெடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். அப்போது காம்போடு கத்தரித்தெடுங்கள், இழுத்துப் பறிக்காதீர்கள். மரத்திலேயே விட்டுவைத்தால் இன்னும் இனிக்கும் என்று காத்திருந்தால் சுளை வறண்டு சக்கையாகும்.

பறித்த அன்றே தின்னவும் வேண்டாம். தடித்த தோல் இருப்பதால் காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம் கெடாமல் இருக்கும். தோல் சற்றுச் சுருங்கும்போது புளிப்புத் தணிந்திருக்கும். தலைப்பகுதியைச் சீவி, மேலிருந்து கீழாக ஆறேழு கீறல் போட்டு, வெள்ளைப் பஞ்சோடு தோலைப் பிரித்தெடுங்கள். கசப்பு அந்தப் பஞ்சிலும் சுளையைச் சுற்றிய சவ்விலும்தான் இருக்கிறது; சவ்வை நீக்கிவிட்டு உள்முத்துகளை மட்டும் எடுக்க வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் புளிப்பு மிகுந்த பழம்கூடத் தீர்ந்துவிடும்.

வீட்டில் யாராவது கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின் போன்றவற்றையோ, உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாத்திரைகளையோ எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், அவர்களுக்குப் பம்பளிமாஸ் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கிரேப்ஃப்ரூட்டைப் போலவே இதிலுள்ள சில வேதிப்பொருள்கள் குடலில் மருந்து சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலுமாகப் பிரித்துக்கொள்வது இதற்குத் தீர்வாகாது. அந்த விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நீடிக்கும்.